மழை விறகில் கொதித்த அமீன்

2023 மே 8, திங்கட்கிழமை, காலை எட்டேகால் மணி. மொரப்பூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலை ஒன்றின் பாய்லர் கொட்டகையில் என் முதல் வேலை தொடங்கியது. தமிழ் முதுகலை முதலாண்டு முடிந்த விடுமுறை அது. ஆலைப் புகையிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிரிக்கும் சோதனை இயந்திரத்தின் ரீடிங்குகளை மணிக்கொரு முறை குறிக்க வேண்டும். ஐந்து வாரம் கழித்துத் தமிழில் அறிக்கை எழுத வேண்டும்.

இன்ஜினியர் சரவணன் அன்றே விளக்கினார். புகையில் ஒரு பகுதியை ஒரு கோபுரத்துக்குள் இழுத்து, மேலிருந்து அமீன் என்ற வேதிப்பொருளின் கரைசலைப் பொழிவார்கள். கரைசல் வாயுவைப் பிடித்துக்கொள்ளும். அடுத்த கோபுரத்தில் ஆலை பாய்லரின் ஸ்டீமால் சுடவைத்தால் வாயுவை விட்டுவிட்டு, கரைசல் மறுபடி முதல் கோபுரத்துக்குத் திரும்பும்.

புளித்த மாவின் வாசனையும் பம்புகளின் இரைச்சலும் இன்றும் நினைவில் இருக்கின்றன. பாய்லர் ஆபரேட்டர் கமால் பாய் தினமும் கேட்பார்: "டீச்சரம்மா, இன்னிக்கு எவ்ளோ காத்து புடிச்சீங்க? ஒரு பலூனுக்காச்சும் ஆவுமா?" நான் சிரித்துவிட்டு எண்ணை எழுதுவேன்.

கடைசி வாரம். நிதி தருபவர்கள் மறுநாள் பார்வையிட வருவதாக இருந்தது. அவர்கள் ஒப்பாவிட்டால் இயந்திரத்தைக் கழற்ற வேண்டியதுதான். சரவணன் சாரின் மூன்று வருட உழைப்பும் அதோடு போய்விடும். ரீடிங்குகள் நன்றாகவே இருந்தன. பாய்லரில் போடும் விறகைக் குறிக்கும் நோட்டின்படி, எங்களுக்காக எரிந்த கூடுதல் விறகு மிகக் குறைவு.

அன்று பிற்பகல் கை கழுவப் போனபோது பின்கொட்டகையைப் பார்த்தேன். நான் வேலைக்குச் சேர்ந்த நாளில் கூரையைத் தொட்டிருந்த விறகு என் இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது.

"பாய், இது எங்கே போனது?"

"உங்க மெசினுக்குத்தான். ஸ்டீம் எறங்கினா மொதலாளி என்னைத் தின்னுடுவாரு. அதான் இதுலேருந்து போட்டேன்."

"நோட்டில் இல்லையே?"

"அது மழ வெறகும்மா, மழக்காலத்துக்குன்னு காய வச்சு சேத்தது. மழ வந்து எடுத்தாதான் நோட்ல ஏத்துவோம். உங்க மெசினு விருந்தாளி. விருந்தாளி திங்கற சோத்தையெல்லாம் நோட்ல எழுதுவாங்களா?"

சரவணன் சாரிடம் சொன்னேன். மாவு மூட்டைமேல் உட்கார்ந்து இருவரும் கணக்குப் போட்டோம்.

"அப்ப நாம புடிச்சதுல பாதிய நாமளே எரிச்சு வுட்டிருக்கோம்," என்றார். கணக்குத் தாளை மடித்தபடி, "நாளைக்கு வர்றவங்க பின்கொட்டகைக்கெல்லாம் போக மாட்டாங்கம்மா," என்றார்.

"எனக்குத் தெரியுமே, சார்."

அருகில் நின்ற கமால் பாய் குறுக்கிட்டார்: "சிம்னிகிட்ட நிக்க முடியல, அவ்ளோ சூடு. அத்த சும்மா வானத்துக்கு அனுப்பிட்டு, என் வெறகுமேல ஏன் சார் பழி போடறீங்க?"

சார் நிமிர்ந்து சிம்னியைப் பார்த்தார். "இத மொதல் நாளே சொல்லக் கூடாதா, பாய்?"

"நீங்க என்னைக் கேட்டீங்களா?"

அந்தச் சூட்டைக் கரைசலைச் சுடவைக்கத் திருப்பினாலும் முழுத் தேவையும் தீராது, விறகில் ஒரு பங்கு குறையும் என்றார் சார். பிறகு என்னிடம், "மழ வெறகு, சிம்னி சூடு ரெண்டையும் எழுதும்மா. ஒத்துக்கறது அவங்க இஷ்டம்," என்றார்.

இப்போதும் ஓர் அறிக்கையில் நல்ல எண்ணைப் பார்த்தால், அதற்கான தீனி எங்கிருந்து வந்தது என்றே முதலில் தேடுகிறேன்.

மறுநாள் காலை முதல் பேருந்தில் போய், மிஞ்சிய விறகை எடைபோட்டு, வாங்கிய எடையிலிருந்து கழித்து, புதிய எண்ணை அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதினேன். பத்து மணிக்கு வந்தவர்களை நேராகப் பின்கொட்டகைக்கு அழைத்துச் சென்றேன்.