காலியில் ஒருவர் நலம் விசாரித்தார்

வெளிநாட்டுக்குப் போய்க் கடல் பார்க்க வேண்டும் என்பது என்னுடைய ஆசை. எங்கள் திருவண்ணாமலைச் செங்கம் ரோட்டில் எந்தெந்த நாட்டுக்காரர்களோ காய்கறி வாங்கிக்கொண்டு நடந்து போவதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். அவர்கள் இவ்வளவு தூரம் வருகிறார்களே, நாம் ஒரு தடவை வெளியே போய்ப் பார்க்கக் கூடாதா என்று என் கணவரிடம் கேட்டுக்கொண்டே இருப்பேன். அவர் தனியார் பொறியியல் கல்லூரியில் கணக்கு வாத்தியார். "பையன் வேலைக்குப் போகட்டும், பாக்கலாம்" என்பார்.

பையன் வேலைக்குப் போனான். எங்கள் வெள்ளிவிழாக் கல்யாண நாளும் வந்தது. அவரே ஒருநாள் சாப்பிடும்போது, "இலங்கைக்குப் போலாமா? கடல், காடு, பழைய ஊரு எல்லாம் ஒரே வாரத்துல பாத்துடலாம்" என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். மறுநாள் வேங்கிக்காலில் என் அலுவலகம் முழுக்கச் சொல்லிவிட்டேன்.

இதற்குச் சில வருஷம் முன்னால் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். உள்ளே இருந்த கட்டியைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அது புற்றா இல்லையா என்று தெரியாமல் நான் வீட்டில் படுத்திருந்த வாரத்தில்தான் அவருக்கு ஹைதராபாத்தில் பயிற்சி வந்தது. "போகலன்னா பிரமோஷன் கெட்டுடும்னு சொல்றாங்க. நீ என்ன சொல்ற?" என்று என் தலைமாட்டில் உட்கார்ந்து கேட்டார்.

"போயிட்டு வாங்க. நான் எங்க ஓடியா போயிடப் போறேன்" என்றேன். துணிகளை எடுத்து வைக்கக்கூட எழுந்திருக்க முடியவில்லையே என்றுதான் அன்றைக்கு என் வருத்தம்.

அவரோடு கல்லூரியிலிருந்து இன்னும் இரண்டு பேர் போனார்கள். அதில் ஒருவருடைய மனைவி எங்களுக்கு அடுத்த தெரு. என்னை அக்கா என்பாள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் மலை சுற்றுவோம். அந்த வாரம் முழுக்க அவள்தான் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். "அண்ணன் ஹைதராபாத்ல பிரியாணியா சாப்புடுவாரு. நீங்க ரசம் சாதம் சாப்புடுங்கக்கா" என்று சிரித்தபடி ஊட்டியும் விட்டாள். சாயங்காலம் அவர் போன் பண்ணுவார். பின்னால் ஒரே இரைச்சலாக இருக்கும். கேட்டதற்கு, ஹாஸ்டல் ஃபேன் என்றார். திரும்பி வந்தபோது எனக்கு ஒரு முத்து மாலை கொண்டுவந்தார். அடுத்த தெருக்காரர் காலில் மாவுக்கட்டோடு வந்து, ஹாஸ்டல் படியில் வழுக்கிவிட்டதாகச் சொன்னார். அந்த உடம்போடும் நான் அவருக்காகப் பரிதாபப்பட்டேன். என் கட்டி சாதாரணக் கட்டிதான் என்று முடிவு வந்தது. அதோடு அந்த வாரத்தை மறந்துபோனேன்.

கொழும்பில் இறங்கி முதலில் போனது தெற்கே காலி என்கிற ஊர். கடலை ஒட்டிப் பெரிய கோட்டை. கோட்டைக்குள்ளேயே தெருக்கள், பள்ளிவாசல், மாதா கோயில், ஓட்டு வீடுகள். கோட்டைச் சுவர் மேல் நடந்தால் ஒரு பக்கம் கடல் வந்து மோதிக்கொண்டே இருக்கிறது. சின்னப் பிள்ளை மாதிரி கத்தினேன். அவர் முன்னால் நடந்தார். "இப்படிப் போனா கலங்கரை விளக்கம் வரும்" என்றார். வந்தது. யூடியூபில் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

பசித்தது. நான்தான் ஒரு சின்னக் கடையைக் காட்டி, அங்கே சாப்பிடலாம் என்றேன். "வேணாம், வேற எங்கயாச்சும் பாக்கலாம்" என்றார். அதற்குள் கடையிலிருந்து வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் வெளியே வந்துவிட்டார்.

"சேர்! வாங்க, வாங்க! திரும்பி வருவன்னு சொன்ன மாதிரியே வந்துட்டீங்களே. மத்தச் சேர்மார் எங்க?"

"நீங்க வேற யாரையோ நெனச்சிட்டுப் பேசறீங்க பாய்" என்றார் என் கணவர்.

"இல்ல சேர், திருவண்ணாமலைதானே? உங்கட கூட்டாளி இந்தச் சுவருல சறுக்கி விழுந்து, நான்தானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது? அவருக்கு இப்ப கால் சுகமா?" என்றவர், என் பக்கம் திரும்பி, "மிஸ்ஸிஸா? உங்களுக்கு ஆபரேஷன்னு சேர் அன்னைக்குச் சொல்லிக் கவலப்பட்டவர். நாங்க வீட்டுல எல்லாரும் துவா கேட்டோம். இப்ப உடம்புக்கு ஒண்ணுமில்லயேம்மா?" என்றார்.

"நல்லா இருக்கேங்க" என்றேன். என் குரல் சாதாரணமாகத்தான் வந்தது. அந்த மனிதர் இரண்டு கைகளையும் ஏந்தி இறைவனுக்கு நன்றி சொன்னார். எங்களை உட்கார வைத்து மீன் குழம்பும் சோறும் போட்டார். நான் சாப்பிட்டேன். முன்பின் தெரியாத ஒருவர் எனக்காகப் பிரார்த்தனை செய்திருக்கிறார், அவர் முகத்துக்கு முன்னால் இலையை மூட முடியவில்லை. என் கணவர் தண்ணீர் மட்டும் குடித்தார்.

வேனில் ஏறியதும் கேட்டேன். "ஹைதராபாத்னு சொன்னீங்களே?"

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "டிக்கெட் முன்னாடியே போட்டது. அப்புறம் உனக்கு இப்படி ஆயிடுச்சு. உங்கிட்ட எப்படிக் கேக்கறது?" என்றார்.

"கேன்சல் பண்ணியிருக்கலாமே."

"பண்ணியிருக்கலாம். ஆனா அந்த ஆஸ்பத்திரி வாசனை, உன் பயம், எம் பயம்... நாலு நாள் அது எதுவும் இல்லாம இருக்கணும்னு தோணுச்சு."

உண்மையைத்தான் சொன்னார். அதனால்தான் அதிகமாக வலித்தது. என் பயத்திலிருந்து நான் எந்த ஊருக்கு டிக்கெட் போட முடியும்? போனில் கேட்ட இரைச்சல் இந்தக் கடலுடையது. அதைக் கேட்டுக்கொண்டே என்னிடம் மாத்திரை போட்டாயா என்று விசாரித்திருக்கிறார்.

நடுவில் திரும்பி வர டிக்கெட் இல்லை. பயணம் தொடர்ந்தது. மிரிஸ்ஸ கடற்கரையில் தென்னை மரங்கள் சாய்ந்து தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தன. நான் கற்பனை செய்திருந்த கடல் அதுதான். "இங்கயும் வந்தீங்களா?" என்று கேட்டேன். "ம்" என்றார். கால் நனைக்காமல் மணலில் உட்கார்ந்திருந்தேன்.

யால என்கிற காட்டுக்கு ஜீப்பில் போனோம். அங்கேயும் கேட்டேன். "இல்ல, இங்க வரல. அவருக்குக் கால் உடைஞ்சதால திரும்பிட்டோம்" என்றார். அந்த இல்லையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் பாறை மேல் ஒரு சிறுத்தை வந்து படுத்தது. ஜீப்பில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். நான் சிறுத்தையைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்தேன். முதல் தடவையாகப் பார்க்கிற முகமா என்று தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை. இருபத்தைந்து வருஷமாகப் பழகிய முகம் அது. சிறுத்தை எழுந்து போய்விட்டது.

கண்டியில் ஏரியைச் சுற்றி நடந்தோம். அவர் போட்டோ எடுக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

ஊருக்கு வந்த மறுநாளே அடுத்த தெருவுக்குப் போனேன். அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். "உங்க வீட்டுக்காரரு காலி கோட்டையிலதான் விழுந்தாராமே?" என்றேன்.

அவள் கை நின்றது. "அக்கா, நீங்க அப்ப இருந்த நெலமையில எப்படிக்கா சொல்றது? எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"எங்கிட்ட சொல்லிட்டுதாங்க்கா போனாரு."

அவள் வீட்டுக்காரர் அவளிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தெரிந்துகொண்டேதான் பிரியாணியைச் சொல்லிச் சிரித்து எனக்கு ரசம் சாதம் ஊட்டியிருக்கிறாள். அதற்குப் பிறகு எத்தனை பௌர்ணமி என் பக்கத்தில் நடந்திருக்கிறாள், ஒரு தடவையும் வாய் தவறவில்லை. அழுதாள். நான் வந்துவிட்டேன். இப்போது மலை சுற்றத் தனியாகப் போகிறேன்.

முன்கூட்டிக் கேட்டிருந்தால் நான் அவரை அனுப்பியிருப்பேனா என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். தெரியவில்லை. சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன். ஆனால் யார் என்னைப் படுக்கையில் விட்டுவிட்டு எங்கே போகிறார்கள் என்றாவது தெரிந்து படுத்திருப்பேன்.

வீட்டை விட்டுப் போகவில்லை. அவருக்குக் காபி கலக்கிறேன், அவர் எனக்குத் துணி மடித்துத் தருகிறார். வெளியூர் போனால் நான் கேட்காமலேயே போனில் வீடியோவைத் திருப்பித் தெருவைக் காட்டுகிறார். அதைப் பார்க்கவும் எனக்குப் பிடிக்கவில்லை.

போன மாதம் அலுவலகத்தில் பெண்களாகச் சேர்ந்து வியட்நாம் போவதாகப் பேச்சு வந்தது. என் பெயரையும் கொடுத்தேன். அன்று சாயங்காலமே அவரிடம் எந்த ஊர், யார் யார், எந்தத் தேதி என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"நானும் வரட்டா? தனியா ரூம் போட்டுக்கறேன்" என்றார்.

"வேணாங்க" என்றேன்.