மூச்சுக்குத் தகுந்த சொல்

களம்பூரில் ஒரு கருமாதி வீட்டில் பாடிக்கொண்டிருந்தபோதுதான் முதலில் குரல் கம்மியது. மேலே ஏறிய வரி பாதியில் வெறும் காற்றாகிப் போனது. துக்கத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது என்று நினைத்து, ஒரு அம்மாள் எனக்கும் சேர்த்து அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. குரல்தான் வரவில்லை.

எழுபதுகளின் கடைசி அது. ஆரணியில் பகலெல்லாம் எனக்குப் பட்டுத்தறி. கருமாதிக்கு யாராவது கூப்பிட்டால் ஆர்மோனியத்தோடு கிளம்பிவிடுவேன். எங்கள் பாட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. இறந்தவரின் வீட்டுக்கு முன்னதாகவே போய், அவரைப் பற்றி விசாரித்து, அவருக்கென்றே பாட்டுக் கட்டுவோம். ஒருவருக்குக் கட்டியதை இன்னொருவருக்குப் பாட மாட்டோம்.

சொல் போடுவது என் அக்கா அம்சவேணி. மெட்டும் குரலும் நான். அக்கா பாடினால் தெருநாய்கூட எழுந்து போய்விடும். ஆனால் தறிக்குத் தார் (நாடாவுக்குள் வைக்கும் நூல்குழல்) சுற்றியபடியே அவள் சொல்லும் ஒரு வரி என்னை நாள் கணக்கில் தூங்கவிடாது.

"பாலைச் சுட வச்சுக் குடி, சரியாப் பூடும்" என்று மிளகும் பனங்கற்கண்டும் போட்டுக் கொடுத்தாள். சரியாகவில்லை. கழுத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டதும், அக்காவும் அவள் கணவரான மாமாவும் என்னை வேலூருக்கு அழைத்துப் போனார்கள். கட்டியில் கொஞ்சம் எடுத்துச் சோதித்தார்கள். தைராய்டில் (கழுத்தின் முன்பக்கம் இருக்கும் சுரப்பி) புற்றுநோய்.

டாக்டரம்மா எதையும் ஒளிக்கவில்லை. "அந்தக் கட்டி, குரல்நாணுக்குப் போற நரம்பைச் சுத்திட்டிருக்கு. ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம், உயிருக்குப் பயமில்ல. குரலுக்கு என்னால உறுதி சொல்ல முடியாது" என்றார். (குரல்நாண்: தொண்டைக்குள் அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய மடிப்பு. இரண்டு உண்டு.)

"குரல் பூட்டா நான் இன்னாத்துக்குக்கா?" என்றேன்.

"எனக்குத் தம்பியா இருக்கறதுக்கு. போதாதா? பேஜார் பண்ணாத, உள்ள போ."

கண் விழித்தபோது வாயசைத்தேன், சத்தமே இல்லை. இதே அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தண்ணீர் குடித்தாலும் புரையேறலாம். முகவாயைத் தாழ்த்தி, சிறிது சிறிதாக விழுங்கக் கற்றுத் தருவார்கள். பொறுமையாகக் கற்றுக்கொள்ளுங்கள். எனக்குப் பொறுமை இல்லை, டம்ளரை வீசியடித்தேன்.

ஒரு நாண் இனி அசையாது, மற்றது மெல்ல அதன் பக்கம் சாய்ந்து வரப் பழகும் என்றார் டாக்டரம்மா. பல மாதங்களுக்குப் பிறகு கரகரவென்று ஏதோ வந்தது. நான்கு சொல்லுக்குள் மூச்சு தீர்ந்துவிடும்.

பாடக் கூப்பிட்டவர்களை நான் திருப்பி அனுப்பினேன். அக்கா விடவில்லை. "உன் மூச்சுக்குத் தகுந்த மாதிரி சொல்லை வெட்டிட்டாப் போச்சு" என்று குட்டிக்குட்டி வரிகளாகக் கட்டினாள். வீட்டுக்குள் பாடிப் பார்ப்பேன். ஜனங்கள் முன்னால் உட்காரச் சொன்னால் மட்டும் எரிந்து விழுவேன். ஓட்டைக் குரலைக் கேட்டு யாரும் என்மேல் இரக்கப்பட வேண்டாம் என்று இருந்தேன்.

மழைக்காலத்தில் ஒரு காலை, தார் சுற்றிக்கொண்டிருந்த அக்கா மார்பைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஊருக்கெல்லாம் சொல் போட்டவளுக்குப் பாட்டில்லாமல் கருமாதி நடப்பதை என்னால் தாங்க முடியவில்லை. துக்க வீடுகளில் அவள் போய் உட்காருகிற மாதிரி மாமா எதிரில் போய் உட்கார்ந்தேன். அவள் கேட்கும் கேள்வியையே கேட்டேன்.

"அக்கா உங்ககிட்ட எதுக்கு சண்டை போடும் மாமா?"

"என் குறட்டைக்குத்தான். திட்டிகினே படுக்கும். நான் வெளியூர் போயிட்டு வந்தா, குறட்டை இல்லாம தூக்கமே வரலன்னு அதுக்கும் திட்டும்."

எனக்குச் சொல் கட்டத் தெரியாது. மாமா சொன்னதை அப்படியே மெட்டில் வைத்தேன். அக்காவின் இரண்டு பெண்களும் ஆளுக்கொன்று சொன்னார்கள்.

கருமாதியன்று பாடினேன். நான்காவது சொல்லில் மூச்சு நின்றது. வெட்கத்தில் உடம்பு கூசியது. அப்போது, வாழ்நாளில் பாடியே இராத மாமா, மிச்ச வரியைச் சொன்னார். அடுத்த முறை நின்றபோது பெண்கள் எடுத்தார்கள். அப்புறம் திரும்பத் திரும்ப வந்த வரிகளைத் தெருவே எடுத்தது. நான் நிற்பதும் அவர்கள் தொடர்வதுமாகப் பாட்டு முடிந்தது. அதன் பிறகு வாய்விட்டு அழுதேன்.

பந்தல் பிரிக்கும்போது மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உனக்கு ஆபரேஷன் நடக்கசொல்ல, அக்கா வெளிய பெஞ்சுல குந்திகினு, டாக்டரம்மா சொன்னத நம்பாம, உனக்குக் கருமாதிப் பாட்டு கட்டிச்சுப்பா. அழுதுகினே கட்டிச்சு. முழுசும் எனக்குச் சொல்லிக் காட்டிச்சு."

"இன்னா வரி மாமா?"

"நீ பொழச்சிட்டன்னு வந்து சொன்னதும், ஜல்தியா மறந்துடுன்னுச்சு. மறந்துட்டேன்பா."

இப்போது மறுபடியும் கருமாதி வீடுகளுக்குப் போகிறேன். வீட்டார் சொல்வதையே மெட்டில் வைத்துப் பாடுகிறேன். மூச்சு நிற்கும் இடத்தில் நிற்கிறேன், வீட்டார் எடுத்துக்கொள்கிறார்கள். இந்த உடம்பு அவ்வளவுதான் என்று பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். என் பாட்டை அக்கா அன்றே கட்டி முடித்துவிட்டாள். நான் அதற்குப் பிறகும் இருக்கிறேன். இந்த வருஷங்களுக்கு அவள் ஒரு சொல்லும் போட்டு வைக்கவில்லை.