குளிசை நோன்பு பிடித்த மாதம்

தொண்ணூற்றாறாம் ஆண்டு நோன்பு ஜனவரிக் கடைசியில் வந்தது. மாரி மழை இன்னும் முழுதாக விட்டிருக்கவில்லை. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு, புலமைப்பரிசில் பரீட்சை எழுத வேண்டிய வருடம். அதனால் வருடத்தில் எனக்குச் சந்தேகமில்லை. எங்கள் வீட்டில் மற்றவர்கள் அந்த வருடத்தை உம்மாவின் குளிசையைக் கொண்டுதான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

அதற்கு முந்திய வருடத்தில் உம்மா மெல்ல மெல்ல ஓய்ந்துகொண்டு போனார். உச்சி வெயிலில் நின்றுகொண்டு குளிர்கிறது என்பார். முகம் ஊதியது, குரல் கரகரத்தது. அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு நிலத்தில் சாய்ந்தால், அது அடிப்பிடித்து மணக்கும்வரை எழும்ப மாட்டார். வாப்பாவின் தங்கையான மாமி மருதமுனையிலிருந்து வரும்போதெல்லாம் பானையைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்.

"எங்கட காக்காட சோத்த இனி நாங்கதான் வந்து ஆக்கணும் போல" என்றார் ஒருமுறை. அவருக்கு வாப்பா காக்கா, மூத்த சகோதரர்.

உம்மாவின் தங்கை, சாச்சி, அடுத்த வளவில் இருந்தார். எங்கள் ஊரில் வீடு பெண் பிள்ளைகளுக்குத்தான் என்பதால் சகோதரிகள் வேலிக்கு வேலி இருப்பார்கள். வேலிக்கு அப்பாலிருந்து பதில் வந்தது: "வாங்க மச்சி, அடுப்பு சும்மாதான் கிடக்கு."

வாப்பா முதலில் பள்ளிவாசல் லெப்பையிடம் தண்ணீர் ஓதி வாங்கிக் கொடுத்தார். பிறகு கல்முனையில் ஒரு டொக்டரிடம் கூட்டிப் போனார். டொக்டர் உம்மாவின் கழுத்தைத் தடவிப் பார்த்து, இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார். அந்த நாட்களில் விடை திரும்பி வர இரண்டு வெள்ளிக்கிழமை கழியும். கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி குறைவாக வேலை செய்கிறது, மருந்து ஆயுளுக்கும் வேண்டும் என்றார். சின்ன வெள்ளைக் குளிசை. காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு. பிறகு ஒரு மணித்தியாலத்துக்கு ஒன்றும் கூடாது, தேத்தண்ணியும் கூடாது. உம்மா நோயைக் கேட்டுக் கலங்கவில்லை, தேத்தண்ணிக்குத்தான் கலங்கினார்.

குளிசை வேலை செய்தது. மாரி தொடங்கியபோது, நனைந்த சட்டையோடு வீட்டுக்குள் ஓடிய என்னை உம்மா வாசலிலேயே பிடித்து ஏசினார். அப்படி ஏசி மாதங்கள் ஆகியிருந்தன.

அதன் பிறகு நோன்பு வந்தது. எங்கள் ஊரில் நோன்பு மாதத்தில் எல்லா மருந்துக்கும் ஒரே இடம்தான். விடியமுன் தின்னும் சஹர் சோறு முடிந்து, அன்றைய நோன்புக்கு நிய்யத்து வைக்க முன், கடைசி மிடறு தேத்தண்ணியோடு அது உள்ளே போக வேண்டும். சீனி வருத்தக்காரரும் பிரஷர்காரரும் அப்படித்தான். உம்மாவும் அப்படியே செய்தார். தயிரும் வாழைப்பழமும் பிசைந்த சோறு, பால்தேத்தண்ணி, அதோடு குளிசை. அதில் பிழை இருக்குமென்று யாருக்கும் தோன்றவில்லை.

நோன்பு இருபதைத் தாண்டியபோது உம்மாவின் குரல் திரும்பவும் தடித்தது. நோன்பில் களைக்காதவர் யார் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். பெருநாளைக்கு எனக்கு வெட்டிய சட்டைத் துணி தையல் மெஷினில் பாதியில் கிடந்ததைக் கண்ட வாப்பா மட்டும் விடவில்லை. பெருநாளைக்கு முதல் நாள் போய் இரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்கள். விடை வந்த அன்று நானும் மோட்டார் சைக்கிள் டேங்கியில் ஏறிப் போனேன்.

"குளிசைய விடாமக் குடிக்கிறீங்களா?" என்று டொக்டர் கேட்டார்.

"ஓம் டொக்டர்."

"நோன்புலயும்?"

"நோன்புலயும்தான். ஒரு நாளும் தவறினதில்ல."

உம்மா சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. டொக்டர் தாளைத் திரும்பவும் பார்த்து, இனி இரண்டு குளிசை என்று எழுதினார். நோன்புதான் முடிந்துவிட்டதே, உம்மா இரண்டையும் பழையபடி வெறும் வயிற்றில் விழுங்கத் தொடங்கினார்.

இரண்டு மாதம் கழித்து ஹஜ்ஜுப் பெருநாள் வந்தபோது எங்கள் வீடு பளபளத்தது. உம்மா சுபஹுத் தொழுகைக்கு முன்னரே முற்றம் கூட்டினார். துவைத்த திரைச்சீலையைத் திரும்பத் துவைத்தார். மெலிந்துபோனார். மாமி பானையைத் திறக்காமலே உட்கார்ந்தார். "இப்பதான் மச்சி ஆளா இரிக்கா" என்றார். எங்களுக்குத்தான் ஆறுதல் இல்லை. உம்மா இரவில் தூங்கவில்லை, காற்றாடிக்குக் கீழேயும் வியர்த்தார், தொட்டதற்கெல்லாம் ஏசினார். போன வருடம் அந்த ஏச்சுக்காக ஏங்கியதை நான் மறந்துவிட்டேன்.

ஒரு பின்னேரம் மாமிக்குத் தேத்தண்ணி கொண்டு வந்தார். கோப்பை பீரிசில் கடகடவென்று ஆடி, பாதி பாயில் கொட்டியது. உம்மா அப்படியே நிலத்தில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்தார். உள்ளே பிடிபட்ட கோழி சிறகடிப்பதுபோல் இருந்தது.

"புள்ள, இது நிக்கப் போகுது" என்றார்.

மாமி துள்ளி எழும்பினார். வாப்பாவைக் கடையிலிருந்து கூட்டி வர அவரே செருப்பில்லாமல் ஓடினார். வாப்பா வந்ததும் சாச்சி ஆட்டோவில் உம்மாவைத் தன் மேல் சாய்த்துக்கொண்டார், நான் கால்மாட்டில் இருந்தேன்.

டொக்டர் நாடி பிடித்தார், குழாய் வைத்துக் கேட்டார், உடனே குளிசையை நிறுத்தச் சொன்னார். பிறகு பழைய தாள்களை விரித்து வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். "ஒரே ஆளுக்கு அண்டைக்கு ஒண்டு காணாது, இண்டைக்கு ரெண்டு கூடிப்போச்சு. இது எப்படி?"

சாச்சிக்குப் பயம் வந்தால் வாய் கூடும். "நோன்புல படுத்தவ டொக்டர், நோன்பு முடியத் துள்ளத் தொடங்கிட்டா. வேற எனக்கொண்டும் தெரியா."

டொக்டர் நிமிர்ந்தார். "நோன்புல குளிசைய எப்ப குடிச்ச நீங்க?"

"சஹர்லதான். திண்டு முடிய" என்றார் உம்மா.

"என்ன திண்டு?"

"தயிரும் சோறும். எல்லாரும் திங்கிறதுதானே."

"தேத்தண்ணி?"

"அதாலதானே குளிசைய விழுங்கின."

டொக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நானும் என்ட பிரஷர் குளிசைய அப்படித்தான் குடிச்ச. அதுதான் கேக்கத் தோணல்ல." அந்தச் சோறும் தயிரும் பாலும் குளிசையை இரத்தத்தில் சேர விடாமல் தடுத்திருக்கின்றன, பழைய அளவே உம்மாவுக்குச் சரியான அளவு, கூட்டியது தன் பிழை என்று விளக்கினார். நெஞ்சுக்கு ஒன்றுமில்லை, சில நாளில் அடங்கிவிடும், அதன் பிறகு பழைய ஒன்றையே தொடங்கலாம் என்றார்.

"அப்ப குளிசையும் எங்களோட நோன்பு புடிச்சிரிக்கு" என்றார் சாச்சி.

முதலில் சிரித்தது வாப்பாதான். சிரிப்பு முடிந்ததும் முகத்தைக் கைலேஞ்சியால் துடைத்துக்கொண்டார்.

அடுத்த நோன்புக்கும் டொக்டர் வழி சொன்னார். "எழும்பின உடன குளிசை. பொறகு அடுப்ப மூட்டி எல்லாருக்கும் ஆக்குங்க. நீங்க கடைசியாத் தின்னுங்க."

"நான் தின்ன முன்ன பாங்கு செல்லி, நோன்பு தொடங்கிட்டா?" என்று கேட்டார் உம்மா.

"வெள்ளன எழும்புங்க தங்கச்சி."

கடைசி இரத்தத்தின் விடை கோடையில், கச்சான் காற்று வீசும் நாட்களில் வந்தது. எல்லாம் அளவில் இருந்தது. அந்த வாரத்தில் ஒரு நாள் பாடசாலை விட்டு வந்தபோது, வாப்பாவின் மோட்டார் சைக்கிள் வெயிலில் நின்றது. அவர் கடைக்குத் திரும்பும் நேரம் எப்போதோ கடந்திருந்தது. உள்ளே உம்மா பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். திரும்பவும் ஓய்ந்துவிட்டாரோ என்று கிட்ட ஓடப் போனேன்.

அறை வாசலில் நின்ற வாப்பா என் தோளைப் பிடித்தார். "எழுப்பாத மகள். நேத்து கலியாண வீட்டு வேலை. களைச்சிப் போய்ப் படுக்கா."

"நீங்க கடைக்குப் போகல்லயா?"

"போகணும்" என்றார். போகவில்லை. நிலையில் சாய்ந்தபடி, உம்மாவின் தோளில் கிடந்த முக்காடு மூச்சுக்கு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றார். தூங்குகிற ஆளைப் பார்த்துக்கொண்டு நிற்க இவருக்கு வேறு வேலை இல்லையா என்று நினைத்தபடி, நான் சோறு போட்டுத் தின்னப் போனேன்.