கண்ணாடியில் பேசும் தாத்தா

அம்மா வெளியூர் வேலைக்குப் போனபோது, நான் அதுவரை பார்த்தேயிராத தன் அப்பாவிடம் என்னை விட்டுவிட்டுப் போனாள்.

தாத்தா முடிவெட்டுபவர். வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடும்போது, வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும்போல இருப்பார். கடையிலோ, நாற்காலிக்குப் பின்னால் நின்று, கண்ணாடியில் தெரியும் முகங்களோடு ஊர்க்கதையெல்லாம் அளப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருநாள் அந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்தேன்.

“முடி வெட்டணுமா கண்ணு?” என்று கண்ணாடியைப் பார்த்துக் கேட்டார்.

“வேணாம். பேசுங்க.”

சிரித்துவிட்டார். அம்மா சின்ன வயதில் செய்த அட்டகாசங்களையெல்லாம் கடை மூடும்வரை சொன்னார்.

மறுநாள் சாப்பாட்டு மேசைக்கு எதிரே ஒரு கண்ணாடி தொங்கியது. தாத்தா தட்டோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்ணாடியில் என்னைப் பார்த்து, “நேத்து எதுல விட்டேன்?” என்றார்.