அப்பா அள்ளியது ஆற்று மணல்

1. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சும் வலது கையும் போயின.
2. இனி அவரால் பேசவோ எழுதவோ முடியாது என்று உறுதியான பிறகு, அவருடைய பழைய சக ஆய்வாளர், நாங்கள் மாமா என்று அழைத்தவர், ஒரு இதழுக்குப் பேட்டி கொடுத்தார். மணல் சரிவு பற்றிய முதல் சோதனை தன்னுடையது, அப்பா பின்னால் வந்து சேர்ந்துகொண்டவர் என்றார்.
3. அப்பா அதைப் படித்தார். இடது கையால் அந்தப் பக்கத்தைக் கசக்கினார். மறுநாள் வரை யார் முகத்தையும் பார்க்கவில்லை.
4. அப்பா காலமானார்.
5. பெரிய மாலையோடு முதலில் வந்து நின்றவர் மாமா.

அப்பா படாளத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ரயிலில் செங்கல்பட்டுக்கு வந்து படித்தார். தாத்தா இறந்த பிறகு டியூஷன் எடுத்துத் தங்கைக்குத் திருமணம் செய்துவைத்தார். இயற்பியல் பேராசிரியரானார். மணற்குவியல் எந்தச் சாய்வில் சரியும் என்று அவர் வகுத்த சமன்பாட்டை, கடற்கரை அரிப்பைக் கணிக்க இன்று பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். கோபக்காரர். மாணவர்களின் வரைபடம் சரியில்லை என்றால் கிழித்துவிடுவார். மறுநாள் அவரே புதுத் தாள் வாங்கி வருவார்.

அந்தச் சோதனை எங்கள் மொட்டைமாடியில் நடந்தது. மாணவர்கள் பாலாற்று மணலைச் சைக்கிளில் கொண்டுவருவார்கள். சலித்து, கழுவி, காயவைக்க வேண்டும். "வடாம் போட எடமில்ல, ஆத்தையே தூக்கியாந்து மாடியில கொட்டிட்டாரு" என்று அம்மா இன்றும் சொல்வார். மாமல்லபுரத்துக் கடல் மணலை அப்பா அதற்குத் தொட்டதே இல்லை. அதிலுள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும், மணல் ஒட்டிக்கொள்ளும், அளவு தப்பும்.

பதினாறாம் நாள் கூட்டத்தில் மாமா பேசினார். "மாமல்லபுரத்துல நானும் அவனும் அள்ளின மண்ணுலதான் எல்லாமே ஆரம்பிச்சுது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் எழுந்தேன். "எந்த மண்ணு மாமா?"

"கடல் மண்ணுதாம்மா. நீ அப்போ பொறக்கவே இல்ல."

"கழுவினீங்களா?"

"மண்ண எவன்மா கழுவுவான்?"

அப்பாவின் மாணவர்கள் உட்கார்ந்திருந்த வரிசையில் ஒருவர் சிரித்தார். பிறகு வரிசையே சிரித்தது. "நாங்க கழுவினோம் சார், கைத்தோல் உரியுற வரைக்கும்" என்றார் இன்னொருவர். மாமா சாப்பிடாமல் கிளம்பினார்.

அப்பாவின் தங்கை, படாளத்து அத்தை, என் கையைப் பிடித்தார். "இன்னாடி இது, துக்க வூட்டுக்கு வந்த மனுசன இப்புடிப் பண்ணிட்ட?"

"பொய் சொன்னாரு அத்தை."

"அது எனக்கும் தெரியும். எல போட்டு சாப்ட்டப்புறம் கேக்கறதுதான?"

அவர் பசியோடு போனதில் எனக்கு வருத்தமில்லை. அதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

மணல் சுமந்த மாணவர்களுக்கும், கடைசி நாள்வரை அப்பாவைப் பிடித்து நடக்கவைத்த செவிலியருக்கும், என்னைக் கடிந்துகொண்டாலும் பிறகு எனக்காக உறவினர்களிடம் வாதாடிய அத்தைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்றைய நிலை: மாணவர்கள் கையெழுத்திட்ட மறுப்பை அந்த இதழுக்கு அனுப்பினோம். இதழ் மாமாவிடம் விளக்கம் கேட்டிருக்கிறது. அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. அவருக்குப் பேச்சும் இருக்கிறது, வலது கையும் இருக்கிறது. அப்பாவுக்காக நாங்கள் வெளியிடும் இந்த நினைவு மலரின் முதல் பிரதியை அவருக்கு அனுப்பியிருக்கிறேன்.