அடித்ததா, ஆனதா?

இன்று காலை கும்மிடிப்பூண்டி ரயிலில் பக்கத்து சீட் அக்காவுக்குப் போன் வந்தது. கணவரோடு கம்பெனியில் வேலை செய்யும் பையன். ஸ்பீக்கரில், "அண்ணி, அண்ணனுக்கு ஷாக்கு..." என்றான். சிக்னல் போய்விட்டது.

கணவர் எலக்ட்ரீஷியன்.

"ஐயோ, கரண்டுல கைய வெச்சிட்டாரா!" அக்கா கதறிவிட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். திரும்பக் கூப்பிட்டால் லைன் போகவில்லை.

பொன்னேரி தாண்டியதும் அவனே கூப்பிட்டான்.

"அண்ணனுக்கு ஷாக்காயிடுச்சி அண்ணி! வேலைய பர்மனென்ட் பண்ணிட்டாங்க. பேச்சே வராம உக்காந்துகினு கீறாரு."

அக்கா அழுதுகொண்டே திட்டினார்: "டேய், அத்த மொதல்ல சொன்னா இன்னாடா? என் உசுரே போயிடுச்சி!"

ஷாக் அடித்ததா, ஷாக் ஆனதா என்பதைத் தமிழில் கடைசியில்தான் சொல்கிறோம். அதுவரை சிக்னல் நிற்க வேண்டாமா, மக்களே?