பிடித்த ஆசிரியர் யார், ஏன்?

மாணவர் கருத்துப் படிவம் தயாரிக்கும் பொறுப்பை முதல்வர் என்னிடம் கொடுத்தபோது எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. அதில் என் பெயர் வர வேண்டும். அவர் பெயர் வரவே கூடாது.

அவர் என்றால், எங்கள் வரலாற்றுத் துறைக்குப் புதிதாக வந்த சார். நான் பன்னிரண்டு வருடமாக அரூரில் இதே கல்லூரி வராந்தாவில் நடக்கிறேன். ஒரு பிள்ளையும் என் பின்னால் ஓடி வந்ததில்லை. அவர் வந்து ஒரு பருவம்கூட முடியவில்லை, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒரு கூட்டம் அவரோடு பேசிக்கொண்டே போகிறது. அப்படி என்னதான் நடத்துகிறார் என்று ஒருநாள் ஜன்னலோரம் நின்று கேட்டேன். நான் சொல்வதையேதான் சொன்னார். அதிலும் ஒரு வருடத்தைத் தப்பாகச் சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது.

படிவத்தை ஆன்லைனில் போடலாம் என்றார்கள். சித்தேரி மலையிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு டவர் கிடைக்காது, காகிதத்தில் பெயர் போடாமல் எழுதிப் பெட்டியில் போடட்டும் என்றேன். நல்ல யோசனைதான், இப்போதும் சொல்வேன். ஆனால் 'கல்லூரியில் என்ன மாற வேண்டும்?' என்பதற்குக் கீழே ஒரு கோடுதான் போட்டேன். 'உங்களுக்குப் பிடித்த ஆசிரியர் யார், ஏன்?' என்பதற்கு ஐந்து கோடு. என்னைப் பாராட்ட இடம் பற்றாமல் போய்விடக் கூடாதே!

பெட்டியைத் திறந்தேன். ஒற்றைக் கோட்டில் தண்ணீர், கழிவறை. ஐந்து கோட்டில் அவர் பெயர். அடுத்த தாளிலும் அவர். என் பெயர் இரண்டே தாளில் இருந்தது. ஒன்றில் 'மேடம் கையெழுத்து அழகு' என்று காரணம் வேறு. அவர் பெயரைப் பார்த்த தாள்களை எல்லாம் மேற்கொண்டு படிக்காமலே என் டிராயரில் போட்டுப் பூட்டினேன். மீதியை வைத்து அறிக்கை எழுதினேன். புதுத் தண்ணீர்த் தொட்டி வந்தது. எனக்குக் கைதட்டல்கூடக் கிடைத்தது.

அடுத்த மாதம் முதல்வர் சுற்றி வந்தபோது, மணியடிக்கும் முன்பே அந்தப் புது சாருடைய கடைசி வகுப்பு பாதி காலியாக இருந்தது. சாரைக் கூப்பிட்டு விசாரித்தார். துறையில் மூத்தவள் என்று என்னையும் உட்கார வைத்தார்.

"மணியடிக்கறதுக்குள்ள சித்தேரி பஸ் போயிடுதுங்க சார். அடுத்த பஸ்ஸு இருட்டினப்புறம்தான். அதனால மலைப் பிள்ளைங்களப் பத்து நிமிஷம் முன்னாடி விட்டுடறேங்க. கடைசி பீரியடையே கொஞ்சம் முன்னாடி முடிச்சா நல்லதுங்க," என்றார் அவர்.

முதல்வர் என் அறிக்கையைப் புரட்டினார். "பஸ்ஸுன்னு ஒருத்தரும் எழுதலையே. இல்லீங்களா மேடம்?"

"இல்லீங்க சார்," என்றேன். அது பொய் என்று அப்போது எனக்குத் தெரியாது.

திரும்பி வந்து டிராயரைத் திறந்து, இந்த முறை முழுதும் படித்தேன். 'எங்களை பஸ்ஸுக்கு விடுகிறார்.' 'பஸ்ஸை விட்டால் வூட்டில் படிப்பை நிறுத்திடுவாங்க. எல்லாரும் இந்த சார் மாதிரி விட்டால் நல்லா இருக்கும்.' தாளுக்குத் தாள் பஸ்தான். ஒற்றைக் கோட்டில் அடங்காததை இடம் இருந்த பக்கம் எழுதியிருந்தார்கள். முதல்வர் அறை பத்தடி தூரம். ஆனால் ஒவ்வொரு தாளிலும் முதலில் அவர் பெயர். அதை நானே கொண்டுபோய்க் கொடுப்பதா? நாளைக்குப் பார்க்கலாம் என்று பூட்டினேன். மறுநாளும் பூட்டியே இருந்தது. மணியடிக்காமல் யாரையும் விடக் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. கையெழுத்துப் போட்டேன்.

சில வாரம் கழித்து, முதல் பெஞ்சில் உட்காரும் சித்தேரிப் பெண் டி.சி. வாங்க வந்தாள். "தினமும் பொழுது போயி வர்றத வூட்ல ஒத்துக்கலைங்க மேடம்," என்றாள். படிப்பை விட்டுப் போகிறவர்களும் படிவம் எழுத வேண்டும் என்பது நான் போட்ட விதி. ஒன்றை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"அன்னிக்கே எழுதிப் போட்டேனுங்க மேடம்."

டிராயர் என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. சாவி கைப்பையில் இருந்தது. இப்போதாவது எடுத்துவிடலாம் என்று கையைப் பைக்குள் விட்டேன். அதற்குள் அவள் கேட்டாள்:

"சார் எங்கீங்க? அவருகிட்ட மட்டும் சொல்லிட்டுப் போயிடறேங்க."

அவரிடம் மட்டும். எதிரே உட்கார்ந்திருக்கும் என்னிடம் சொல்லிக்கொள்ள அவளுக்கு ஒன்றும் இல்லை. அந்த நேரத்திலும் எனக்குப் பொறாமைதான் முந்திக்கொண்டு வந்தது. கையை வெளியே எடுத்தேன்.

"சார் இன்னிக்கு லீவும்மா," என்றேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் அவர் பாடம் நடத்திக்கொண்டிருந்த குரல் எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது.